மேற்பாறை தட்டிய ஜீத்தன்

என் அக்கா புருஷன் ஜீத்தன் ராஜ்வாருக்குக் காது போய்விட்டது. கோடர்மாவில் எங்கள் அபிரகச் சுரங்கத்தில் அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டில் அக்கா சாஞ்சோவுக்குத் தெரியும். காது கேட்காதவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் இவர் எங்கள் எட்டுப் பேருக்கும் சர்தார், மேற்பாறையைத் தட்டிப் பார்க்கிறவர்.

அபிரகம் என்கிற எங்கள் மைக்கா, வெள்ளைக்கல் நரம்புக்குள் பாளம் பாளமாக உட்கார்ந்திருக்கும். நரம்பை மூடியிருக்கிற கரும்பாறையிலும் அதே அபிரகம்தான் பொடிப்பொடியாகக் கலந்திருக்கிறது. அதனால் அதுவும் ஏடு ஏடாக உரியும், சொல்லாமல் கொள்ளாமல் தலையில் விழும். காலையில் சர்தார் கடப்பாரையால் தட்டுவார். கெட்டிப் பாறை கணீர் என்னும், உள்ளே விட்டுப்போன பாறை பொத்தென்னும். "இறங்குங்க" என்று அவர் சொல்லும்வரை எவனும் உளியைத் தொடக் கூடாது.

இருபது வருஷம் வெடி வைத்த காது, பாவம் என்ன செய்யும்? முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். வாசலில் உட்கார்ந்து அபிரகத்தைக் கத்தியால் ஏடு பிரித்துக்கொண்டிருந்தவள், "ஏங்க, ஆடு கடலைமாவைத் தின்னுது!" என்று கத்தியிருக்கிறாள். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த மனிதர் நிம்மதியாகப் புகையிலை கசக்கிக்கொண்டிருந்தாராம்.

"உங்க அத்தானுக்குக் காது சுத்தமா போச்சுடா," என்றாள் என்னிடம்.

"பொண்டாட்டி கத்துனா எந்த ஆம்பளைக்குக்கா கேக்குது?"

"விளையாடாத. உன் தலைக்கு மேலயும் அந்தப் பாறைதான் இருக்கு."

அத்தானிடம் காதோடு வாய் வைத்துக் கேட்டேன். சிரித்தார். "இடது உள்ளங்கையைப் பாறையில வச்சுக்கிட்டுத் தட்டுனா அதிர்வே சொல்லிடும் மச்சான். காது எதுக்கு? உன் வெட்டிப் பேச்சைக் கேக்கவா?"

அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வருஷம் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழவில்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு வெட்கம்தான்.

அந்தப் பங்குனியில் நரம்பு திடீரென்று பருத்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செந்நிறப் பாளங்கள். எல்லோருக்கும் கை பரபரத்தது. முதல்நாள் மாலை ஒரு பாளத்தின் விளிம்பு அத்தானின் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கை உப்பிய ரொட்டி மாதிரி வீங்க, அக்கா தடிமனாகத் துணி சுற்றி அனுப்பினாள்.

மறுநாள் காலை அவர் வலது கையால் தட்டினார், துணி சுற்றிய கையை வைத்துப் பார்த்தார். பிறகு முழங்கையை வைத்தார். கடைசியில் கன்னத்தையே பாறையில் அழுத்திக்கொண்டு தட்டினார்.

"என்ன சர்தார், பாறைக்கு முத்தமா? வீட்ல சண்டையா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்தார். எனக்குக் கணீரென்று கேட்டிருந்தது. தலையாட்டினேன். 'இறங்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிவிடு அத்தான், இன்னொரு நாள் ஓடிவிடும்' என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் மேல ஏறுங்க."

மேலே மேலாளர் சரண் பாபு குதித்தார். இப்படிப்பட்ட நரம்பை விட்டுவிட்டு எவனாவது ஏறி வருவானா? "என்னய்யா சொல்லுச்சு பாறை?" என்று கத்தினார். அத்தானுக்கு அவர் வாயசைவே போதுமாக இருந்தது.

"அது சொல்லியிருக்கும் பாபு. எனக்குத்தான் கேக்கல. ரெண்டு வருஷமாவே கேக்கல."

முத்தமா என்று கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துக் குழி சர்தார் பரசாதி துரி இறங்கிப்போய் மூலை மூலையாகத் தட்டிவிட்டு வந்து, "இரும்பு மாதிரி இருக்கு பாபு. தாராளமா இறங்கலாம்," என்றான். சரண் பாபு கடப்பாரையை அவன் கையில் கொடுத்தார். அத்தானைக் கழிவு அபிரகம் பொறுக்கும் மேட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பரசாதி என்னடா சொன்னான்?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் காதுக்குள்ளேயே கத்தினேன். "கெட்டியா இருக்காம்! நான்தான் தலையாட்டுனேனே அத்தான்! என்னை நம்பியிருக்கலாம்ல?"

"நம்புனேன்டா," என்றார். "ஆனா உனக்குத் தட்டுற சத்தம் பழக்கமில்ல. அது தப்பாப் போயிருந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைச் சுமந்துட்டுப் போய் உங்க அக்கா முன்னாடி நிக்கிறது?"

பிறகு இன்னொரு தரம் கேட்டார். "நிஜமாவே கெட்டியா இருக்குன்னானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பாடா," என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அப்புறம் என்னடா நின்னு அழுவுற? இறங்குடா கீழே."