எடுக்காத தட்டு

நேற்று எங்கள் ஊர் ட்ரியோலேயில் சாலை போடுவதற்காகப் பாறைக்கு வெடி வைத்தார்கள். அப்போது நான் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் சிரித்தாள்.

"என்னம்மா, ரெண்டு தட்டுதான் இருக்கு? அப்பாவுக்கு இன்னிக்குச் சோறு கிடையாதா?"

அவருடைய தட்டு அலமாரியிலேயே இருந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது தோட்டத்தில் வேலைநிறுத்தம். கரும்பு வெட்டும் அப்பா, மற்றவர்களோடு ஆலை வாசலுக்குப் போயிருந்தார். ஆலை ஓடாததால் பாகு வாசனையே இல்லை. திடீரென்று தூரத்தில் படபடவென்று சத்தம் கேட்டது.

"பா பேர், பயப்படாதே. வயல்ல கல்லுக்கு வெடி வைக்கிறாங்க" என்று தீவு மொழியிலும் தமிழிலுமாகச் சொன்னாள் அம்மா. அதை அவள் நம்பித்தான் சொன்னாள். பிறகு எங்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். எப்போதும் முதலில் எடுப்பது அப்பாவின் நீல எனாமல் தட்டைத்தான். அன்று அதை எடுக்கவில்லை. அப்பா தட்டு எங்கே என்று என் அண்ணன் கேட்டதும், ஏன் எடுக்கவில்லை என்று தெரியாமல் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியுமுன்பே அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

மாலையில் அப்பாவின் உடலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அது கல்லுக்கு வைத்த வெடி இல்லை; ஆலை வாசலில் துப்பாக்கியால் சுட்டிருந்தார்கள்.

நேற்று, துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய தட்டையும் எடுத்து எங்கள் தட்டுகளோடு வைத்துவிட்டு, பஸ் வரும்வரை வாசலில் நின்றேன்.

"ஏன் இங்க நிக்கிறே?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

"சோறு ஆறுது" என்றேன்.