பாக்கியம் காயவைத்த விதைநெல்

என் மூத்த பேரன் பி.ஏ. தேறிவிட்டான். இரண்டாமவனுக்குத் துறைமுக ஆபீசில் உத்தியோகம். பேத்தி வீணையில் வர்ணம் வாசிக்கிறாள். கடைக்குட்டிகூடப் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, வெள்ளிக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் நுழைந்தான். இதையெல்லாம் என் ஓரகத்தி தனபாக்கியத்திடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பழமும் கற்கண்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேளச்சேரியிலிருந்து வைக்கோல் வண்டிக்காரர் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, சின்னம்மா பூட்டாங்க" என்றார். வண்டியில் அன்று வைக்கோல் இல்லை.

காரியத்துக்குக் கூடியிருக்கிற நீங்களெல்லாம் அவளை வேளச்சேரிப் பண்ணையம்மாவாகத்தான் அறிவீர்கள். எனக்கு அவள் மயிலாப்பூர்ப் பெண். குளத்தங்கரையில் பிறந்து வளர்ந்தவள். கோயிலில் சாயங்கால மேளம் கேட்காமல் ஒரு நாளும் விளக்கேற்ற மாட்டாள். எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நானும் அவளும் ஒரே அடுப்படியில் புழங்கினோம். கீரை ஆய்ந்தபடியே சிரிக்கத் தொடங்கினால், "குழம்பு அடிப்பிடிக்குது, இன்னா சிரிப்பு?" என்று மாமியார் அதட்டுகிற வரைக்கும் நிற்காது.

மாமனார் படுக்கையில் விழுந்ததும் வேளச்சேரி நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. என் கொழுந்தனார் போகிறேன் என்று ஒப்புக்கொண்டார். பாக்கியத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியில் ஏறியவள், "அறுப்பு முடிஞ்சதும் வந்துடுவேன்க்கா" என்றாள். அடையாற்றுப் பாலம் தாண்டும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம்.

அங்கே ஏரித் தவளைகளின் இரைச்சலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. "டிராம் மணி அடிக்காம பொழுது விடிஞ்சது எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கொழுந்தனாரைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

சிரிக்க முடியாத காரியம் ஒன்றும் நடந்தது. விதைநெல்லை முளைகட்டுவதற்காக ஊறவைத்து, ஈரக் கோணியில் கட்டி, வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். இவள் கையை வைத்துப் பார்த்தால் கோணி சுடுகிறது. பிரித்தால் நெல்லெல்லாம் வெள்ளையாக முளை. நெல் கெட்டுப்போயிற்று, எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அவ்வளவையும் களத்தில் கொட்டி, உச்சி வெயிலில் காலால் துழாவித் துழாவிக் காயவைத்துவிட்டாள். நாற்றங்காலைச் சேறாக்கிவிட்டு வந்த கொழுந்தனார் களத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முளையெல்லாம் கருகிக் கிடந்தது. வேறு விதை வீட்டில் இல்லை.

அவளை அழைத்துப் போகும்படி எனக்குச் சொல்லியனுப்பினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஜட்கா பிடித்து ஓடினேன். வீட்டில் அவள் இல்லை. முழங்கால் வரை சேறோடு, தலையில் கூடையோடு, வரப்பில் வந்துகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய், "நான்தான் கெடுத்துட்டேன், கொஞ்சம் விதை குடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறாள். கூடவே வந்த பக்கத்து வயல் முனியம்மா, "சின்னம்மா நெல்லுல வடாம் போட்டுச்சு! மறுபடியும் காயப் போட்டுடாத, தாயி" என்றாள்.

"அப்டின்னா நீயே வந்து காவல் இரு" என்றாள் இவள்.

நான் அவள் கையைப் பிடித்து, "பொட்டியக் கட்டு, வண்டி நிக்குது" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஆசையில்லியாக்கா? இப்ப வந்தா, மைலாப்பூர்க்காரி நெல்லைக் கொன்னுட்டு ஓடிட்டான்னு ஆயிடும். இது முளைக்கிறதப் பாத்துட்டு வரேன்."

நான் தனியாகத் திரும்பினேன். அவள் வரவேயில்லை. அது முளைத்ததும் நடவு, நடவு முடிந்ததும் களை, பிறகு பசு கன்று போட்டது. பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் வருவாள். குளத்துப் படியில் உட்கார்ந்து மேளம் முடியும் வரை அசைய மாட்டாள். முடிந்ததும் வானத்தைப் பார்ப்பாள். "இருட்டிக்கினு வருது, நாத்து கெடக்குது" என்று எழுந்துவிடுவாள். ஒரு தடவை சொன்னாள்: "அங்க இருந்தா காதுல மேளம் கேக்குது, இங்க வந்தா தவளை கேக்குது. நான் இன்னாக்கா பண்றது?" இப்போதும் கீரை ஆயும்போது எதிரே பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன்.

வேறு யாருக்கு எது மிச்சமோ, எனக்கு மிச்சம் வரப்பில் கூடையோடு வந்த அந்தப் பாக்கியம்தான். சுவரில் இருக்கிற கலியாணப் படத்தில் அவள் இல்லை. அது வயலையே பார்த்திராத ஒரு பெண்.

முருகேசா, உன் அம்மா படுக்கையில் விழுவதற்கு முன் தன் கையாலேயே நாற்று விட்டாள் என்று சொன்னாயே. இந்நேரம் அது தலை தூக்கியிருக்கும். பறித்து நடுவதற்கு முன்னால் ஒரு போட்டோக்காரரைக் கூட்டிப்போய், அதைப் புதுசாக ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை தெரியாது பெரியம்மா என்பாய். எனக்குத் தெரியும், நீ அனுப்பு.