அடியைக் காட்டாத கிண்ணம்

இரண்டு விரல்களைக் கைப்பேசித் திரையில் வைத்து அகல விரிக்கிறார் தேவநாதன். ஒரு வெங்காய சூப்புக் கிண்ணம் பெரிதாகிறது. அதன் விளிம்பில் சீஸ் உருகி வழிந்து பழுப்பேறிக் கிடக்கிறது. அதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. கைப்பிடியைப் பார்க்கிறார், கழுத்தைப் பார்க்கிறார். எங்கும் கீறல் இல்லை என்று தெரிந்ததும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வெங்காயத் தண்ணிக்கு இவ்ளோ அலட்டலு" என்கிறார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை டீக்கடையில் தினமும் காலையில் இது நடக்கிறது.

படத்தில் இருப்பது அமெரிக்காவில், சின்சினாட்டி என்ற ஊரில், ஒரு தெருமுனையில் இருக்கும் சின்ன பிரெஞ்சு உணவகம். அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போகிற இடம். தேவநாதன் கடலூரைத் தாண்டிப் போனதே குறைவு. ஆனால் அந்தக் கடையின் மேசைகள் அவருக்கு மனப்பாடம். சன்னலோர மேசை சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவுக்கு. வாசல் பக்கத்து மேசைக்கடியில் ஒரு நாய் படுத்திருக்கும். அன்றைய சமையலைக் கரும்பலகையில் எழுதுகிற முதலாளிக்குத் தலை வழுக்கை. "நாய உள்ள வுடுறான். அவன் கடையப் போயி பெருசா பேசுறாங்க" என்பார். என்றைக்காவது கடைக்காரர் இணையத்தில் படம் போடவில்லை என்றால், "என்னாச்சு, மூடிட்டானா?" என்று தவித்துப் போகிறவரும் இவர்தான்.

அந்தக் கிண்ணங்கள் பக்கத்துப் பட்டறை ஸ்தனிஸ்லாஸ் செய்தவை. வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் வேண்டுமா? இருவருக்கும் ஒரே கொட்டகை, நடுவில் இடுப்பளவுச் சுவர், சூளையும் பொது. தேவநாதன் செய்வது ஃபியூஸ் கட்டை. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அவர் பீங்கானைத் தொட்டுத்தான் கரண்டு போகிறது. ஆனால் ஃபியூஸ் கட்டையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஸ்தனிஸ்லாஸ் நேற்றுவரை ஊறுகாய் ஜாடி செய்துகொண்டிருந்தவர். அவர் மகள் ஜெசி அந்த உணவகத்துக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். அப்பா செய்த கிண்ணம் ஒன்றை முதலாளியிடம் காட்டினாள், ஆர்டர் வந்துவிட்டது. ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஸ்தனிஸ்லாஸைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது என்று கேள்விப்பட்ட அன்று தேவநாதனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"அவரு பொண்ணு அமெரிக்காவுல இருக்குது, ஆர்டரு வருது. நம்ம புள்ள திட்டக்குடியில இருக்கான். நமக்கு என்னா வரும்?" என்றாள் மனைவி கொளஞ்சியம்மாள்.

"மல்லாட்ட வரும்" என்றார். மகன் அனுப்புவது நிலக்கடலைதான்.

அவருடைய வலது கட்டை விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதோ அச்சு மெஷினில் நசுங்கித் தையல் போட்ட விரல். குறுக்கே ஆழமாக ஒரு தழும்பு. ஈர மண்ணை அந்த விரலால் அழுத்தித்தான் பதம் பார்ப்பார். அழுத்திய இடத்தில் ரேகையோடு அந்தக் கோடும் விழும்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது ஆர்டருக்கான கிண்ணங்கள் ஈரம் காயாமல் கவிழ்ந்து கிடந்தன. மேலே நனைத்த சாக்கு. ஸ்தனிஸ்லாஸ் பூசைக்குப் போயிருந்தார். கொட்டகையில் வேறு ஆள் இல்லை. தேவநாதன் சுவரைத் தாண்டினார். சாக்கை விலக்கி, ஒரு கிண்ணத்தின் அடியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். ஓட்டை போட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். மண் கொஞ்சம் உள்வாங்கியது. அதற்கு மேல் விரல் போகவில்லை.

"நல்ல பதம், கொளஞ்சி. மனசு வரல" என்று பிறகு மனைவியிடம் மட்டும் சொன்னார்.

சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டார். அந்தக் கிண்ணமும் மற்றவற்றோடு வெந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து படம் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் சேர்ந்துகொண்டது. அத்தனை கிண்ணங்களில் எது தன்னுடையது? சிவப்புக் கண்ணாடி அம்மா முன்னால் இருப்பதா, நாய்க்காரர் முன்னால் இருப்பதா? அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். சூப்போடு கிண்ணத்தை யார் கவிழ்த்துக் காட்டப் போகிறார்கள்? "அந்தக் கடக்காரன் பொண்டாட்டி கூட இப்பிடி உத்துப் பாத்திருக்க மாட்டா" என்று கொளஞ்சியம்மாள் சலித்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஸ்தனிஸ்லாஸ் கைப்பேசியோடு சுவரோரம் வந்து நின்றார். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் ஒன்றின் படம். அடியில் ஒரு விரல் பதிவு, குறுக்கே ஒரு கோடு.

"கழுவறப்ப கடக்காரரு பாத்தாராம்ணா. செஞ்சவரு கைரேகைன்னு ஒரே சந்தோசமாம். இனிமே எல்லாக் கிண்ணத்துலயும் இது வேணுங்கிறாராம், ஜெசி சொல்லுது."

தேவநாதன் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "எவன் பண்ணானோ."

"நானும் அமுக்கிப் பாத்துட்டேன். அந்தக் கோடு வரமாட்டேங்குது."

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பலகையோடு ஈரக் கிண்ணங்களைத் தூக்கி வந்து நடுச்சுவரின் மேல் வைத்தார். எல்லாம் கவிழ்ந்திருந்தன. கைப்பேசியையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

தேவநாதன் இடது கையின் இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பலகையிலிருந்த கிண்ணங்களைப் பார்த்தார்.

"அடி கொஞ்சம் தடிப்பாதான் இருக்குது, தனிஸ்லாசு."

"இருக்கட்டும்ணா."

மடக்கியிருந்த விரலை விரித்து, வேட்டி நுனியில் அழுந்தத் துடைத்துக்கொண்டார் தேவநாதன்.