கேனுக்கு எதிரே போனவன்

என் கணவன் ரூலஃபுக்கு இடது கண் தெரியாது. இது ஊருக்கே தெரியும், அவன்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்.

எங்கள் டிரெந்தெ மாகாணத்தில் வருடக் கடைசி நாள் என்றால் வேறென்ன? பழைய பால் கேனில் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள், வாயில் கால்பந்தைத் திணிப்பார்கள், பின்பக்க ஓட்டையில் நெருப்பைக் காட்டுவார்கள். வயலே அதிரும். போன வருடம் ரூலஃபின் கேன் வெடிக்கவில்லை. கேனுக்கு எதிரே போகக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வருடாவருடம் பாடம் எடுப்பவன் இவன். பந்து சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எதிரே போய்க் குனிந்தான். அந்த நேரம் பார்த்து அவன் தோழன் பெரெண்ட் இன்னொரு தடவை நெருப்பை நீட்டித் தொலைத்தான்.

பந்து நேராக இடது கண்ணில் அடித்தது. ரத்தம் இல்லை, வீக்கம் மட்டும். "பந்துதானே, தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளை ஒரு தட்டு நிறையத் தின்றான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. கண்ணில் கறுப்பாகத் திரை இறங்குகிறது என்று அவனே சொன்ன பிறகுதான் கிளம்பினோம். கிழிந்த விழித்திரையை டாக்டர் ஒட்டிவைத்தார்.

"பார்வை நரம்பும் அடிபட்டிருக்கு. அதுக்கு எங்ககிட்ட வைத்தியம் இல்ல. மிச்சமிருக்கிற கண்ணைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறான். மேசைவிரிப்பு துவைத்தே என் கை ஓய்ந்துவிட்டது. கேட்டால், "இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கு" என்பான். பெரெண்ட் வேறு, தன் மனசு ஆறுவதற்காக, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவான். வெளியே பார்க்கக் கண் லட்சணமாகத்தான் இருக்கிறது.

இந்த டிசம்பரில் அவன் மறுபடி கேனைத் துடைக்க உட்கார்ந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாதுகாப்புக் கண்ணாடியாவது போட்டுத் தொலை."

"அதுல ஆவி படியுது ஹில்லி. அதான் இந்தக் கண்ணும் திரும்பி வருதே!"

"இருக்கிறதும் போனா, மாடுன்னு நெனச்சு என்னைக் கறப்பே."

"உன்னையா? உதை விழும். பெரெண்டைக் கறந்துக்கிறேன்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. எழுந்துபோய் அவனுடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் இறுக்கி மூடினேன். என் முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன்.

"என்ன தெரியுது, சொல்லு."

"நீ."

"நான் என்ன செய்றேன்?"

இடது கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"சிரிக்கிறே."

அவன் கை என் முகத்தைத் தேடி வந்தது. முதலில் காதில் முட்டியது, பிறகு கன்னத்துக்கு வந்தது. ஈரம் பட்டதும் அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடியிருந்த என் கையை அவன் விலக்கவில்லை.

"சரி, இந்த வருஷம் நீயே கொளுத்து" என்றான். "நான் வாசல்ல நின்னு சத்தத்தைக் கேட்டுக்கிறேன்."