வராத மணியும் இருபது நிமிடமும்

வழிகாட்டியின் வேலையில் கடினமானது பேசுவதன்று, நிறுத்துவது. என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிட்னியின் மேற்கே உள்ள பழைய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றில், மாதத்தின் முதற் சனிக்கிழமை தமிழில் வழிகாட்டுகிறேன். நான் கூறுவது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கைதிகளின் கப்பலில் வந்திறங்கி, இங்கேயே அடக்கம் செய்யப்பட்ட ஒரு போதகரின் வாழ்க்கை. மூன்று மாதம் பரீட்சார்த்தம். தேவாலயச் செயலாளர் ஜெயந்தி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "இருபது நிமிஷம், மிஸ். கூடினால் தமிழ் டூரை நிப்பாட்டிப்போட்டு ரெக்கோர்டிங்தான் போடுவம்."

கப்பல்

முதல் மாதம் போதகரைக் கடல் கடத்தவே இருபத்தைந்து நிமிடங்கள் சென்றன. கடல்நோயால் துவண்ட நிலையிலும் அவர் கீழ்த்தட்டுக்கு இறங்கிக் கைதிகளுக்கு எழுத்தறிவித்ததை எப்படி விடுவது? கெல்லிவில்லிலிருந்து வந்த இளம் பொறியாளர் கைபேசியைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "மேடம், பார்க்கிங் டைம் முடியப் போகுது. அவர் எப்போ கரை இறங்குவார்?"

பிரசங்கம்

இரண்டாம் மாதம் கப்பலைச் சுருக்கினேன், பிரசங்கத்தில் சிக்கினேன். போதகர் மரநிழலில் இரண்டு மணி நேரம் பேசுவார். காவற் சிப்பாய்கள் நின்றபடியே உறங்குவார்கள். சுருக்குமாறு ஆளுநர் ஆள் அனுப்பினார். அவர் சுருக்கவில்லை.

ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு ஒரு மணி கேட்டு இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். மணி வரவேயில்லை. ஆகவே ஞாயிறுதோறும் அவர் மனைவி சமையற் பானையை இரும்புக் கரண்டியால் தட்டிச் சனங்களை அழைத்தார். போதகரின் அடக்க நாளிலும் அந்தப் பானையே ஒலித்தது.

நான் முடித்தபோது ஒரு முழுப் பாடவேளை, நாற்பது நிமிடங்கள், கடந்திருந்தது. மன்னாரைச் சேர்ந்த பஸ் ஓட்டுநர் அந்தோனி அருகில் நின்றவரிடம் கூறியது என் காதில் விழுந்தது: "மிஸ் அந்தச் சுவாமியின்ர சொந்தக்காரிதான் போல."

கடைசித் தவணை

மூன்றாம் மாதம் ஜெயந்தி கைக்கடிகாரத்துடன் வாசலில் நின்றார். நான் பானைக் கதையை வெட்டினேன். பத்தொன்பதாம் நிமிடத்தில் போதகரை அடக்கம் செய்துவிட்டேன். விடைத்தாள்களை வாசிக்காமலே புள்ளியிட்டவளைப் போலக் கூசினேன்.

மீண்டும் வந்திருந்த அந்தோனி கையை உயர்த்தினார். "மிஸ், பானை எங்க? வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில வேலை முடிஞ்சு வந்த என்ர மனிசியை, அதைக் கேக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தனான்!"

நான் ஜெயந்தியைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, முன்வரிசையில் வந்து அமர்ந்தார்.

"எனக்கும் தெரியாது, மிஸ். சொல்லுங்கோ."

தமிழ்ச் சுற்று தொடர்கிறது. கேட்பவர்களில் ஓரிருவர் நின்றபடியே உறங்குவதை, போதகரைப் போலவே நானும் கண்டுகொள்வதில்லை.