குறுக்கே வந்தால் குறுக்கேதான்

எண்பதுகளின் கடைசியில் நான் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். மனைவி குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர். சீசனுக்குச் சீசன் வெவ்வேறு ஊர்களுக்கு ஓட்டப் போவேன். இது எந்த ஊர் மைதானத்தில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை.

ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். ஆனால் கடைசி நேர்ப்பாதையில் என் குதிரை, கூட்டத்தின் இரைச்சலுக்கு மிரண்டு சாய்ந்து, பின்னால் வந்த குதிரையின் வழியை அடைத்திருந்தது. விசாரணையில் முதலிடத்தைப் பறித்து, இரண்டு வாரம் ஓட்டத் தடை போட்டார்கள். மிரண்டது குதிரைதானே என்றேன்.

“குறுக்கே வந்தா குறுக்கேதான். காரணம் எங்களுக்கு வேண்டாம்” என்றார் விசாரணைக் குழுத் தலைவர்.

வலித்தது. ஆனாலும் விதி அதுதான் என்றால் சரி என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தடை முடிந்து திரும்பிய வாரமே, பெரிய முதலாளி ஒருவரின் குதிரை என் முன்னால் குறுக்கே வெட்டியது. அதை ஓட்டியவன் என்னோடு தொழில் கற்றவன். நான் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காவிட்டால் இரண்டு பேரும் விழுந்திருப்போம். அவன் ஜெயித்தான். நான் புகார் கொடுத்தேன்.

“குதிரை தானா சாஞ்சுது. ரேஸ்ல இதெல்லாம் சகஜம்” என்றார் அதே தலைவர்.

“அன்னைக்கு என் குதிரையும் தானாத்தான் சாஞ்சுது சார்.”

“புகாரை வாபஸ் வாங்கிக்க. உனக்குத்தான் நல்லது.”

“வாங்க மாட்டேன் சார்.”

புகாரைத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எனக்குக் குதிரை தரவில்லை.

வழக்கமாக வாய்ப்புக் கொடுத்துவந்த பயிற்சியாளர் வீடு தேடி வந்தார். “ஒரு சாரி சொன்னா முடிஞ்சிடும்மா. நீ எடுத்துச் சொல்லு” என்றார் என் மனைவியிடம்.

அவள் காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். “சாரி கேக்கறப்ப எந்தத் தப்புக்குன்னு சொல்லணுமே அண்ணா. அது என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருஷம் தாம்பரத்தில் ஸ்கூல் வேன் ஓட்டினேன். ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரிய, சீட்டில் தலையணை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த சீசனில், சின்னப் பயிற்சியாளர் ஒருவர், வேறு யாரும் ஏற மறுத்த முரட்டுக் குதிரையை எனக்குக் கொடுத்தார். அதே மைதானம். அந்தப் பந்தயத்திலும் என்னோடு தொழில் கற்ற அதே கூட்டாளி இன்னொருவனுக்குக் குறுக்கே வெட்டி ஜெயித்தான். நேர் பின்னால் வந்த என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

பெரிய முதலாளி அவனை அதற்குள் கைவிட்டிருந்தார். விசாரணை அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான். “மச்சான், குதிரை தானா சாஞ்சுதுன்னு சொல்லிடு. பேஜாராப் பூடும்.”

“நீதான் திருப்பின மச்சான். நான் பார்த்துகினுதானே வந்தேன்.”

உள்ளே போய் அதையே சொன்னேன். தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

“இன்னும் முடிக்கல சார். போன வருஷம் இவன் என்னை அடைச்சதும் இப்படித்தான். அப்ப சகஜம்னீங்க. இன்னைக்குத் தப்புன்னா அன்னைக்கும் தப்பு.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

“அதைத்தான் சார் சொல்றேன்.”

அவனுடைய முதலிடம் போயிற்று. இரண்டு வாரத் தடையும் விழுந்தது. அவன் என்னை அடைத்த பழைய பந்தயத்தின் முடிவை யாரும் தொடவில்லை. அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அந்தத் தலைவர் இருந்தவரை எனக்கு நல்ல குதிரை கிடைக்கவில்லை. கிடைத்ததை, தொண்ணூறுகளின் நடுவில் முழங்கால் கெடும்வரை ஓட்டினேன். குறுக்கே யார் வந்தாலும் புகார் கொடுத்தேன். அதில் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள்.