சைவக் கோழிகள்

எங்கள் கோழிகள் ஒரு காலத்தில் சுத்த சைவம். நம்பாதவர்கள் அலவத்துகொடைக்கு வந்து விசாரிக்கலாம். அக்கம்பக்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கலியாணமாகி முதல் இரண்டு வருடம் என் கணவர் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். நான் புசல்லாவையில் அம்மா வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருவார், ஞாயிறு மத்தியானம் போய்விடுவார். அதைக் குடும்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்டியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்திருந்த முதலாளி ஒருவர், தாய்க்கோழிக் குஞ்சுகளை வளர்த்துத் தர ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் நான்தான் என் கணவரை அந்த வேலைக்குப் பிடித்துத் தள்ளினேன்.

அலவத்துகொடையில் கொட்டகையோடு ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. முதலாளி தரும் பெட்டைக் குஞ்சுகளை முட்டையிடும் பருவம் வரை வளர்ப்பதுதான் வேலை. பிறகு அவர் கொண்டுபோய், அவை இடும் முட்டையைப் பொரிக்க வைப்பார். கறிக்கோழி மாதிரி இவற்றைக் கொழுக்க விடக்கூடாது. கொழுத்தால் ஒழுங்காக முட்டையிடாது. அதனால் தீனி எப்போதும் அளவோடுதான். கோழிகள் என்னைக் கண்டாலே கழுத்தை நீட்டிக் கத்தும். மனம் கேட்காது, ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

தீனி கலப்பது இவர் பொறுப்பு. சோளம், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மீன் தூள். இந்த மீன் தூள்தான் சிக்கல். இவர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், முட்டைகூடத் தொடமாட்டார். அப்படிப்பட்டவருக்குக் கோழிப் பண்ணை எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் உறவில் இல்லை. புசல்லாவையில் அம்மா கருவாடு பொரித்தால், சத்தமில்லாமல் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். அந்தக் கதிரையைப் பார்த்துத்தான் நான் என் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்க்கப் போகும் நாட்களில் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, திரும்பும் வழியில் வாய் மணக்காமலிருக்க பஸ்ஸில் கராம்பு மென்றுகொண்டு வருவேன்.

முதல் தொகுதிக் கோழிகளுக்கு மூக்கில் துவாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு மீன் தூள் கலந்தார். இரண்டாவது தொகுதி வந்தபோது ஒரு யோசனையோடு நின்றார். சோயாவிலும் புரதம் தாராளமாக இருக்கிறதாம், மீன் எதற்கு என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொட்டகையில் நாற்றம் போயிற்று. இவர் பாட்டு முணுமுணுத்தபடி தீனி கலந்தார். அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கோழிகள் எப்போது கோயிலுக்குப் போகின்றன என்று கேட்டார்கள்.

எனக்கு இன்னொரு சந்தோஷமும் கிடைத்தது. கொட்டகையின் உமித் தரையில் வழக்கமாக உதிர்ந்த இறகுகள் பறக்கும். அந்த முறை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிற நல்ல பிள்ளைகள் என்று மெச்சிக்கொண்டேன். பிறகொரு நாள் காலையில், ஒரு கோழி முன்னால் நின்றதன் முதுகிலிருந்து இறகொன்றைப் பிடுங்கி, இடியப்பம் போல உள்ளே இழுத்து விழுங்குவதைக் கண்டேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் வாலடியும் முதுகும் மொட்டை. உதிர்ந்ததைத் தின்று முடித்து, இப்போது உடம்பில் இருப்பதைத் தின்கின்றன.

இறகில்லாத தாய்க்கோழியை ஏற்கமாட்டேன் என்று முதலாளி தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அவர் ஏற்காவிட்டால் அடுத்த குஞ்சுகள் வரா. அன்றிரவு இவர் அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய பயணப் பையை இறக்கித் தூசி தட்டுவதைக் கண்டேன். கொழும்புக் கடையில் இவருடைய இடம் இன்னும் காலியாகவே இருந்தது. மறுபடியும் சனிக்கிழமைக் குடும்பமா? வைத்தியரைக் கூப்பிடுவோம் என்று இவரை நச்சரித்தேன்.

அக்குறணைப் பக்கத்திலிருந்து மிருக வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தோம். கலகலப்பான பெண், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். கோழியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தீனிச் சாக்கைக் கிளறினார்.

"என்னென்ன போட்டீங்க, செல்லுங்க. மீன் தூள் எங்க?"

"சோயா போட்டனாங்கள். புரதம் போதும்தானே?" என்றார் இவர்.

"புரதம் ஈக்கி. ஆனா அதுக்குள்ள பல சாமான் ஈக்கி, அமினோ அமிலம்னு. அதுல மெதியோனின் சோயாவுல கொறவு. இறகு மொளைக்க அது கட்டாயம் வேணும், அது கெடைக்காமத்தான் இறகையே தின்னுது. துணி எவ்வளவு வாங்கினாலும் பொத்தான் இல்லாம சட்டைய எப்புடிப் பூட்டுற?"

"அப்ப தீனியைக் கூட்டிக் குடுக்கலாமாங்க?" என்று நான் கேட்டேன்.

"கூட்டினா கொழுத்துப் போகும். பொத்தான மட்டும் குடுங்க. ஒன்டு மீன் தூள், இல்லாட்டி மெதியோனின் தூளாவே கண்டியில விக்கிறாங்க."

இவர் தயங்கித் தயங்கி, "அந்தத் தூள் மரக்கறியோ?" என்றார்.

"மருந்து மாதிரி பெக்டரியில செய்றது சேர். மீனுமில்ல, மரக்கறியுமில்ல."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே கண்டிக்குப் போய் வாங்கினார். மெதியோனின் நாறும் என்று யாரும் இவருக்குச் சொல்லவில்லை. அழுகிய முட்டைக்கோவாவும் கெட்ட முட்டையும் சேர்ந்த நாற்றம். பையோ லேசாகக் கிழிந்திருந்தது. நெருக்கமான பஸ்ஸில் இவர் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்ததாம். கொண்டக்டர் மூக்கைச் சுளித்து "கரவலத?" என்றாராம். கருவாடா என்று கேட்கிறார். பிறந்ததிலிருந்து கருவாட்டைத் தொடாத மனிதரிடம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு இவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து மூக்கில் துவாயோடு அந்தத் தூளைக் கவனமாக அளந்து கலந்தார். நாட்கள் போகப் போக மொட்டை முதுகுகளில் முள்ளு முள்ளாகப் புது இறகு கிளம்பியது. பிறகு ஒரு காலை கொட்டகையைத் திறந்தால் தரையில் இறகுகள் கிடந்தன. யாரும் தின்னவில்லை. குப்பையைக் கண்டு நான் அவ்வளவு மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

முதலாளி வந்து இரண்டு மூன்று கோழிகளைப் பிடித்துச் சிறகை விரித்துப் பார்த்தார். "சரி, அடுத்த குஞ்சும் ஒங்களுக்கே அனுப்புறேன்" என்று சொல்லி வண்டியில் ஏறினார். வண்டி திரும்பும் முன்பே நான் உள்ளே ஓடி, பயணப் பையை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

அன்று மாலை இவர் கடைப்பக்கம் போய், பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் நெத்தலிக் கருவாடு.

"என்னங்க இது?"

"உமக்குத்தான்."

"ஒங்களுக்குத்தான் மணம் ஆகாதே."

"அந்தத் தூளை அளந்தாப்பிறகு எனக்கு மூக்கெண்டு ஒண்டு மிஞ்சியிருக்கே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீர் பஸ்ஸால இறங்கேக்க கராம்பு மணக்கிறது ஏனெண்டு எனக்குத் தெரியும். கோழி இறகைத் திண்டு காட்டினபடியால் என்ன குறையுதெண்டு தேடினம். நீர் ஒண்டும் காட்டேல்லை. அதால உமக்கு என்ன குறையுதெண்டு நான் தேடேல்லை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் உரிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

எண்ணெய் காய்ந்து நெத்தலியைப் போட்டதும் வீடெங்கும் மணம் எழும்பியது. பின்னால் கதிரை தூக்கும் சத்தம் கேட்டது. பாவம், முற்றத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். கதிரை குசினிக்குள், என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. பருப்பும் சோறுமாகத் தன் தட்டை மடியில் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் இவர் சாப்பிடத் தொடங்கினார்.